யாரைக் கேட்டுத் தண்ணீர் வைத்தாய்

உபால்டினா மலைமேல் புகையிலை பயிரிட்ட ஊர்க்காரி. பத்தொன்பது வருடத்துக்கு முன் துப்பாக்கிக்காரர்கள் வந்து அவள் புருஷன் எலியேசரைப் புகையிலைக் கொட்டகையிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். "வழி காட்டிட்டு வந்துடுவான்" என்றார்கள். வரவில்லை. மறுநாள் ஊரே காலியானது.

அன்றிலிருந்து கார்த்தஹேனா நகரத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கூரை வீடு. ஊரார் துணியைத் துவைத்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கினாள். அரசாங்க அலுவலகத்தில் ஒருவன், "செத்துட்டார்னு கையெழுத்துப் போடுங்கம்மா, உதவிப் பணம் சீக்கிரம் வரும்" என்றான். "நீ பொணத்தைக் காட்டு, நான் கையெழுத்தைக் காட்டறேன்" என்று எழுந்து வந்துவிட்டாள். எலியேசருக்காக அவள் கறுப்பு உடுத்தவில்லை, ஒன்பது நாள் செபம் வைக்கவில்லை. அவனுடைய நீலச் சட்டையை மாதம் ஒருமுறை துவைத்து இஸ்திரி போட்டு வைப்பாள். வந்தால் மாற்றிக்கொள்ள ஒன்று வேண்டாமா.

போன வருடம் தலைநகரிலிருந்து மார்செலா என்ற ஓவியக்காரி வந்தாள். நகரத்துப் பழைய கோட்டையில் உள்நாட்டுப் போரைப் பற்றிக் கண்காட்சி வைக்கப் போகிறாளாம், காணாமல் போனவர்களின் சட்டைகள் வேண்டுமாம். நல்ல பெண்தான். தரையில் உட்கார்ந்து சோறும் வறுத்த மீனும் சாப்பிட்டாள், கதை கேட்டு அழுதாள். உபால்டினா சட்டையைக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு நெல்சியும், பதினேழு வயதில் காணாமல் போன மகனின் பள்ளிச் சட்டையைக் கொடுத்தாள்.

திறப்பு நாளன்று இருவரையும் வண்டி வைத்து அழைத்துப் போனார்கள். கோட்டைக்குள், ஒரு காலத்தில் வெடிமருந்து வைத்திருந்த சுரங்க அறையில் நாற்பது சட்டைகள் தொங்கின. உபால்டினா தன்னுடையதைத் தேடிக் கண்டுபிடித்தாள். காலர் கசங்கியிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தவள், சட்டைக்குக் கீழே இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டாள்.

ஒரு டம்ளர் தண்ணீர். மேலே மிதக்கும் துண்டுப் பஞ்சு. செத்த வீட்டில், செத்தவரின் ஆவி தாகம் தீர்த்துக்கொள்ள வைக்கிற தண்ணீர். எல்லாச் சட்டைக்குக் கீழேயும் ஒன்று.

"பாப்பா, இங்க வா" என்று மார்செலாவைக் கூப்பிட்டாள். "இது என்ன?"

"உங்க ஊர் வழக்கம்தானே, உபால்டினாம்மா. மரியாதைக்காக வச்சோம்."

"வழக்கம் தெரிஞ்ச உனக்கு அது யாருக்குன்னு தெரியாதா?"

"அது... ஒரு அடையாளம்தான்."

"பத்தொம்போது வருஷமா நான் வைக்காத தண்ணியை வைக்க நீ யாரு? அந்த ஆபீஸ்காரனாவது கையெழுத்து கேட்டான். நீ கேக்கக்கூட இல்ல. தூக்கிட்டுப் போனவன் ஒரு எலும்பக் காட்டல, நீ நாலு ஆணி அடிச்சு சாவு வீடு நடத்துற."

கையில் மதுக் கோப்பையோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொப்பிக்காரக் காவலாளி, "கண்காட்சிப் பொருளைத் தொடக் கூடாதும்மா" என்றான்.

"பொருளா? என் புருஷன் சட்டைடா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் சோப்புப் போட்ட சட்டை."

குனிந்து டம்ளரை எடுத்தாள். பஞ்சை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "எனக்குத்தான் தாகம்" என்றாள். சட்டையைக் கழற்றி நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

மார்செலா அழ ஆரம்பித்தாள். "மன்னிச்சிடுங்க. எல்லாத்தையும் எடுத்துடறேன்."

"முதல்ல அவளோடத எடு" என்று உபால்டினா நெல்சியின் பக்கம் கையைக் காட்டினாள்.

நெல்சி மகனின் சட்டையடியில் குந்தியிருந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள்.

"என்னோடத விட்டுடுங்க அக்கா."

"என்னடி சொல்ற? அவன் வருவான்னு நீதானே..."

"அது உங்களுக்காகச் சொன்னது. எனக்கு ஓஞ்சு போச்சு அக்கா. வீட்டுல வைக்கக் கை வரல. யாரோ வச்சுட்டாங்க. பிள்ளை குடிச்சுட்டுப் போகட்டும்."

உபால்டினா நெல்சியின் முதுகில் கை வைத்தாள். பிறகு மார்செலாவைப் பார்த்துத் திரும்பினாள். கோபம் தீரவில்லை, ஆனால் இடம் மாறியிருந்தது.

"இது எவ்வளவு நாள் இருக்கும்?"

"மூணு மாசம்மா."

"அப்ப மூணு மாசமும் காலைல இந்தத் தண்ணிய மாத்து. நீயே வந்து மாத்து, ஆள் வச்சு இல்ல. பிள்ளைக்குப் பழைய தண்ணி வைக்காதே."