மராங்குவின் வேலிச்செடி

என் தம்பி மகள் மீனாவின் கல்யாணம் எங்கள் பூர்வீக வீட்டில் நடக்கக் கூடாதென்று, கொத்தமங்கலத்து வீட்டைப் பூட்டிச் சாவியோடு சென்னைக்குப் போனவன் நான். எங்கள் செட்டிநாட்டு வழக்கத்தில் பூர்வீக வீடு அண்ணன் தம்பிகளுக்குப் பொது. கல்யாணம் அதன் வளவில், நடு முற்றத்தில்தான் நடக்க வேண்டும். நாள் குறிக்கும்போது தம்பி வயிரவன் என்னிடம் கலந்து பேசவில்லை என்ற கோபம், வேறொன்றுமில்லை. காரைக்குடியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை. அதன் பிறகு தம்பியோடு பேச்சும் இல்லை.

தான்சானியாவில் வேலை பார்க்கும் மகன் சொக்கு, சென்ற முறை நான் அங்கே போயிருந்தபோது, கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் வாழும் சாக்கா மக்களின் ஊரைக் காட்ட அழைத்துப்போனான்.

காலை எட்டு மணிக்கு மோஷி நகரில் மினி பஸ் ஏறினோம். மராங்கு நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆளுக்கு மூவாயிரம் ஷில்லிங். ஏறிய கூட்டத்தில் ஓர் அம்மாள் தன் வாழைத்தாரை என் மடியில் வைத்துவிட்டார்.

"கீழ வச்சிராதீக அப்பச்சி, அந்தம்மா கோவிச்சுக்கிரும்" என்றான் மகன். மலை மேகத்துக்குள் இருந்தது. நான் பார்த்ததெல்லாம் வாழைத்தார்தான்.

பத்து மணிக்கு மராங்கு. வழிகாட்டி எலியா சாக்காக்காரர், சிரித்த முகம். முதலில் பழைய பாணி வீடு: உச்சியிலிருந்து தரைவரை புல்லால் வேய்ந்த கூம்பு. ஆளும் மாடும் ஒரே கூரைக்குள். அடுத்தது, மாடு கவர வந்த மாசாய்க்காரர்களிடமிருந்து ஒளிந்துகொள்ள வெட்டிய சுரங்கம். பத்தடி தவழ்ந்ததும் முழங்கால் மறுத்துவிட்டது.

"அன்றைக்கு நீங்கள் இருந்திருந்தால் மாசாய்க்காரனுக்குத் துரத்துகிற வேலையே இருந்திருக்காது" என்றார் எலியா ஆங்கிலத்தில்.

வாழைப்பழமும் கேழ்வரகும் சேர்த்துப் புளிக்கவைத்த பீரைச் சுரைக்குடுக்கையில் தந்தார்கள். ஒரு வாய் குடித்தேன். நம்மூர்ப் பழைய கூழைவிடக் கொஞ்சம் முரட்டுத்தனம், அவ்வளவுதான்.

பிற்பகல் எலியாவின் தோப்பு. மேலே வாழை, அதன் நிழலில் காப்பி. தகப்பன் தோப்பை மகன்களுக்குப் பங்கு பிரிக்கிறார்கள். முன்னோரை அதிலேயே புதைக்கிறார்கள். எலியாவின் பங்குக்கும் அவர் அண்ணன் பங்குக்கும் நடுவே நீள இலைச் செடி வரிசையாக நின்றது. மசாலே என்று பெயர். எலியா ஓர் இலையைப் பறித்து முடிச்சுப் போட்டார்.

"தப்புச் செய்தவன் இதை எடுத்துக்கொண்டு போவான். கையில் வாங்கினவர் மன்னித்தாக வேண்டும்."

"வாங்காவிட்டால்?"

"அப்புறம் ஊர் அவரைத்தான் ஏசும்."

வேலியாக நிற்பதும் மன்னிப்புக் கேட்கப் பறிப்பதும் ஒரே செடி. நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். எலியா என்னைப் பார்த்தார்.

"யாருக்கு வேண்டும்?"

"தம்பிக்கு" என்றேன். மகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பஸ் ஏறும்போது சொன்னான்: "ஏர்போர்ட்ல விட மாட்டாக அப்பச்சி. இதே சாதிச் செடி நம்மூரு நர்சரியில இருக்கு."

இருந்தது. ஊர் திரும்பிய மறுநாளே அந்தச் செடி ஒரு தொட்டியும் கொத்தமங்கலத்து வீட்டுச் சாவியுமாகக் காரைக்குடியில் தம்பி வீட்டுக்குப் போனேன். ஓர் இலையை முடிந்து, சாவியோடு சேர்த்து நீட்டி, விஷயத்தைச் சொன்னேன்.

வயிரவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வாங்கினா மன்னிச்சுத்தான் ஆகணுமா?"

"அங்க அப்படித்தான்."

"இது காரைக்குடிண்ணே. தொட்டிய அங்குட்டு வைங்க. சாவிய என்கிட்ட ஏன் நீட்டுறீக? நீங்க பூட்டுனது எனக்கா?"

மீனா கோயம்புத்தூரில் இருக்கிறாள். போய், "நான் செஞ்சது தப்பு ஆத்தா" என்று சாவியைக் கொடுத்தேன். அந்த வாரமே வந்தாள். கொத்தமங்கலத்து வீட்டை அவளே திறந்தாள். வளவின் நடுவில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் வாசலில் நின்றேன். வெளியே வந்து பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மராங்குவில் இலையை வாங்கியதும் எல்லாம் முடிந்துவிடுமாம். இங்கே அப்படி இல்லை. பொங்கலுக்கு வளவில் பானை வைக்கலாமா என்று சென்ற வாரம் மீனாவிடம் போனில் கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன் பெரியப்பச்சி" என்றாள். போனை வைக்கப் போனவள், பிறகு சொன்னாள்: "நீங்க வச்சிட்டுப் போன செடிக்கு அப்பச்சிதான் தெனமும் தண்ணி ஊத்துறாக."