ஆறு பெயருக்கு ஆறு விரல்

மகள் பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். நிதிப் படிப்பு. அதோடு மோசடியைக் கண்டுபிடிக்கும் பாடமும் உண்டு. நீளமாக ஒரு பெயர் சொல்வாள், எனக்கு வாயில் நுழையாது. கணக்கை மாற்றினவனை, போலிக் கையெழுத்துப் போட்டவனைப் பிடிக்கிற வேலை என்று புரிந்துகொண்டேன்.

நான் ஆறாவதோடு நின்றவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீன். பாத்திரம் கழுவும் பெண்களுக்கு நான் மேஸ்திரி. காண்டிராக்ட் வேலை. பட்டாபிராமிலிருந்து ரயிலில் போய் வருகிறேன்.

ஒரு ஞாயிறு, கோயிலில் பூசை முடிந்து வந்ததும் மகள் ஸ்டாம்ப் பேடையும் வெள்ளை அட்டையையும் தரையில் வைத்தாள்.

"கைய குடும்மா. காலேஜ்ல கேட்டுக்கீறாங்க."

"பாத்திரம் தேய்ச்ச கை. ரேகை கீதோ இல்லியோ."

"அதெல்லாம் எங்கயும் போவாது. உக்காரு."

பத்து விரலையும் ஒவ்வொன்றாக உருட்டி ஒற்றினாள். இடது கட்டை விரலில் எனக்கு ஒரு வெட்டு உண்டு. ட்ரேயின் ஓரம் கிழித்தது. ரேகைக்குக் குறுக்கே கோடாக விழுந்தது. மகள் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ திருடுனா ஒரே நிமிஷத்துல மாட்டிக்குவம்மா."

நானும் சிரித்தேன். பிறகு கேட்டேன்.

"பத்து விரலும் வேற வேற தானே?"

"வேற வேற தான். ஆனா பத்தும் உன்னுதுன்னு இந்த அட்டை சொல்லிடும்."

தட்டில் போட்ட சோற்றை மூடி வைத்தேன்.

எங்கள் காண்டிராக்டில் ஒரு பழக்கம். மாதக் கடைசியில் சூப்பர்வைசர் சம்பள ரெஜிஸ்டர் கொண்டுவருவார். வேலை செய்கிறவர்கள் எட்டுப் பேர். ரெஜிஸ்டரில் பதினான்கு. மிச்ச ஆறு பேரை நான் பார்த்ததே இல்லை. ஊருக்குப் போயிருக்கிறார்கள், மேஸ்திரி கைநாட்டு வைத்தால் போதும் என்றார். வைத்தேன். எல்லாருக்கும் ஒரே விரல் வைத்தால் தெரிந்துவிடும் என்று எனக்கே தோன்றியது. ஆறு பெயருக்கு ஆறு விரல் வைத்தேன். எந்தப் பெயருக்கு எந்த விரல் என்று மாறாமல் நாலு வருஷம். அதில் கொஞ்சம் பெருமைகூட எனக்கு. முதல் பெயருக்கு அந்த வெட்டுப்பட்ட விரல்.

மகளிடம் சொன்னேன். அவள் துப்பட்டாவால் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தச் சம்பளம் யாருக்குப் போச்சு?"

"தெரியாது. எனக்கு ஒரு பைசா வரல."

"ரேகை உன்னுதும்மா."

அம்மா மேல் கேஸ் இருந்தால் உன்னை இந்த வேலைக்கு எடுப்பார்களா என்று கேட்டேன். அட்டையை எடுத்துப் புத்தகப் பையில் வைத்தாள்.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர் வந்தார்.

"இன்னாக்கா, வையி. டைம் ஆவுது."

"என் பேருக்கு மட்டும் கையெழுத்து போடறேன்."

"இத்தினி நாள் வெச்சே. இப்போ இன்னா, பொண்ணு காலேஜ்ல கத்துகினு வந்து சொல்லுச்சா?"

"ஆமா."

ரெஜிஸ்டரை மூடினார். கோபப்படவில்லை.

"வாணாம், உடு. பழசெல்லாம் ஆபீஸ்ல பத்திரமா கீது. அதுல என் வெரல் ஒண்ணுகூட இல்ல. பாத்துக்க."

அடுத்த வாரம் வெளியிலிருந்து கணக்குப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஆபீசிலிருந்து பழைய ரெஜிஸ்டர்கள் அட்டைப்பெட்டிகளில் காரில் ஏறுவதைக் கழுவுமிடத்து ஜன்னலில் பார்த்தேன். அன்றிலிருந்து சூப்பர்வைசர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நேற்று சாயந்திரம் வாட்ச்மேன் வந்து சொன்னார்.

"நாளைக்குக் காலைல மேஸ்திரிய ஆபீஸுக்கு வரச் சொன்னாங்கம்மா. ஆதாரும் எடுத்துகினு வா."

கல்லூரியிலிருந்து அட்டை திரும்பி வந்திருந்தது. முழு மார்க். வெட்டுப்பட்ட விரலைச் சுற்றி ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தார்.

"இன்னா எழுதிக்கீறாரு?"

"ரொம்பத் தெளிவா இருக்குதாம்."

கம்பி நாரால் அந்த விரலைத் தேய்த்துப் பார்த்தேன். தோல் எரிந்தது. கோடு அப்படியே இருந்தது.

ஆறும் என் விரல்தான் என்று நானே காட்ட, காலையில் ஆதாரோடு அந்த அட்டையையும் பையில் வைத்தேன். மகள் பார்த்தாள். தடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள். ரயிலில் இடம் இருந்தும் இருவரும் உட்காரவில்லை.