கடைசிப் பட்டனுக்குக் கீழே மஞ்சள்

அந்தச் சட்டையை வாங்கும்போதே எனக்குச் சந்தேகம்தான்.

ஜொகூர் பாருவில், தம்போய்ப் பக்கம் நான் அறை எடுத்திருந்த அடுக்குமாடிக்கு எதிரே ஒரு பண்டல் கடை உண்டு. பழைய துணிகளை மூட்டை மூட்டையாக இறக்கி, நல்லதைப் பொறுக்கி மாட்டி விற்கிற கடை. எல்லாம் ஜப்பானிலிருந்து வருகிறது என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அங்கேதான் அதைப் பார்த்தேன். மை நீலத்தில் லினன் துணி, பொடிப் பொடியாக வெள்ளை இலைகள், கழுத்துப்பட்டி தானாகவே நிமிர்ந்து நிற்கிறது. எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். திருப்பினேன். கடைசிப் பட்டனுக்குக் கீழே, உள்மடிப்பில், மூன்று மஞ்சள் பொட்டுகள், பளிச்சென்று.

குழம்பு சிந்தினால் இப்படி வரிசையாகச் சிந்தாது. புதுத்துணிக்கு வைக்கிற மஞ்சள் அது. எங்கள் அம்மா கழுத்துப்பட்டியில் வைப்பார்; இது யாரோ வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் எப்போதிலிருந்து புதுச்சட்டைக்கு மஞ்சள் வைக்க ஆரம்பித்தான்? கடைக்காரப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தேன். அவள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சட்டை என் தோளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. வாங்கிவிட்டேன்.

எங்கள் வீட்டில் இரண்டு வகைச் சட்டைதான். காட்டுக்குப் போடுவது, கோயிலுக்குப் போடுவது. அப்பா ஊரில், பண்டார் தெங்காராவில், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். அவர் சட்டைகளில் பழத்தின் எண்ணெய்க் கறை போனதே இல்லை. எங்கள் குடும்பத்தில் படித்து முடித்து அலுவலக வேலைக்குப் புறப்பட்ட முதல் ஆள் நான். பஸ் ஏற்றிவிட வந்தபோது அப்பா சொன்னார்:

"டவுன்ல சிரிச்சுப் பேசுறவன நம்பாத. சிரிக்காதவன அதவிட நம்பாத."

"அப்ப யாரத்தாம்பா நம்புறது?"

"ஒன் பைய நம்பு. அதையும் மடியில வச்சுக்க."

ஜொகூர் பாருவில்தான் மூன்றாவது வகைச் சட்டை ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது: எங்கும் போகவேண்டியதில்லை என்றாலும் போட்டுக்கொண்டு வெளியே போகிற சட்டை. சனிக்கிழமைகளில் பெரிய அங்காடிகளில் சுற்றுவேன். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் காற்றாட நடப்பார்கள். கணுக்காலுக்கு மேலே நிற்கிற கால்சட்டை, காலுறை தெரியாத சப்பாத்து. நான் துணியைத் தொட்டு, தையலைப் பார்த்து, வெட்டியிருக்கும் மாதிரியை மனத்தில் வாங்கிக்கொண்டு, அதே மாதிரியைப் பண்டல் கடையில் தேடுவேன். கடைகளின் காவலாளி பின்னாலேயே வருவார். அவர் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று நான் அவரைச் சந்தேகப்படுவேன். ஆனாலும் கண்ணாடியில் என் கழுத்துப்பட்டியைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோகும்.

வேலை தெப்ராவில். சிங்கப்பூருக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரிகளுக்குப் பத்திரங்கள் தயாரிக்கிற அலுவலகம். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குப் பிறகு என்னை வைத்துக்கொள்வதா, போகச் சொல்வதா என்பது எங்கள் சூப்பர்வைசர் அக்காவின் கையில் இருந்தது. நம் ஆள்தான். நாற்பதைத் தாண்டியவர். தப்புச் செய்தால் திட்டமாட்டார், "இன்னொரு வாட்டி பாரு தம்பி" என்பார். அவர் மேசை இழுப்பறை எப்போதும் திறந்தே கிடக்கும். மிட்டாய் வேண்டுமென்றால் யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

நீலச் சட்டை போட்டுக்கொண்டு போன நாளில்தான் அது மாறியது.

"அலமாக், ஹென்செம் லா ப்ரோ!" என்று பக்கத்து மேசை மலாய் நண்பன் கைதட்டினான். அக்கா நிமிர்ந்தார். சிரிக்கவில்லை. பார்வை என் முகத்துக்கு வரவேயில்லை, சட்டையிலேயே நின்றது.

"எங்க வாங்குன தம்பி?"

பண்டல் கடை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பக்கத்துலதான்கா."

"எந்தப் பக்கத்துல?"

"தம்போய்ல."

"நீயும் தம்போயா? எந்த பிளாட்?"

சொன்னேன். அவருடைய வீடும் அங்கேதான், அடுத்த புளோக். அதைச் சொன்னபோது அவர் குரலில் உறவு கொண்டாடும் சந்தோஷம் இல்லை. "துணியெல்லாம் வெளியதான் காயப் போடுவியா?" என்று கேட்டார். இது என்ன கேள்வி?

மறுநாள் இழுப்பறை பூட்டியிருந்தது.

அதற்கடுத்த நாளும். நான் செய்துமுடித்த பத்திரங்களை அக்கா இரண்டு தடவை பார்த்தார். நான் பக்கத்தில் போனால் கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ எப்படிப்பட்ட ஆள்னு அக்கா என்கிட்ட கேட்டாங்க, ஏன் ப்ரோ?" என்றான் நண்பன். சோதனைக் காலத்துப் பையனுக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று நினைக்கிறாரோ? வெறும் வெள்ளைச் சட்டையில் போய்ப் பார்த்தேன். பூட்டு அப்படியேதான் இருந்தது. அப்பாவுக்குப் போன் பண்ணினேன்.

"அந்தம்மா சிரிக்குதா?"

"இல்லப்பா."

"பாத்தியா. நான்தான் சொன்னேன்ல."

அப்பாவின் இரண்டு விதியிலும் உருப்படியான வழி எதுவும் இல்லை. இந்த வேலை போனால் செம்பனைக் காடுதான். படித்த பையன் திரும்பி வந்துவிட்டான் என்று ஊரே சொல்லும்.

சோதனைக் காலம் முடியப்போகிற வாரத்தில் அக்கா என்னைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒண்ணு கேக்குறேன், நேரா பதில் சொல்லணும். அந்த நீலச் சட்ட. கடைசிப் பட்டனுக்குக் கீழ, உள்பக்கம், மூணு மஞ்சப் பொட்டு இருக்கா இல்லியா?"

"இருக்குக்கா. உங்களுக்கு எப்படி..."

"நான் வச்சது. போன தீபாவளிக்கு எங்க வீட்டுக்காரருக்கு எடுத்துக் குடுத்த சட்ட அது. தீபாவளிக்கு முந்தியே, 'ஒரு வாட்டி தொவச்சுக் காயப் போட்டேன், கம்பியிலேருந்து எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்'னு சொன்னாரு. முந்துன வருசத்துச் சட்டயும் அப்படித்தான் போச்சு." மூச்சு வாங்கினார். "திருடுறவனுக்கு நான் எப்படித் தம்பி சிபாரிசு பண்ணுவேன்?"

நீலச் சட்டை போட்ட நாளிலிருந்து அவர் என்னை எப்படிப் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. "அக்கா, அது பண்டல் கடையில வாங்குனது. சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றேன். அவர் நம்பவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

"ஒரு வாட்டி தொவச்சதுன்னா சொன்னீங்க? நான் வாங்குறப்போ மஞ்ச பளிச்சுன்னு இருந்துச்சுக்கா. நான் தொவச்ச பொறகுதான் மங்குச்சு. வெயில்ல காஞ்ச துணியில மஞ்ச அப்படி நிக்குமா?"

அக்கா கார் சாவியை எடுத்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தம்போய்க்குப் போனோம். கைப்பையை அவர் மடியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார். கடைக்காரப் பெண்ணிடம் அக்கா மலாயில் கேட்டதும், அந்தப் பெண் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தாள். ஓ, அந்த அங்கிள்! பாடான் பெசார் என்று இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள், பெரிய உடம்பாம். அப்பப்போ ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து சும்மாவே கொடுத்துவிட்டுப் போவாராம். யாரிடமும் சொல்லவேண்டாம் என்பாராம். எல்லாம் புதுசு மாதிரியே இருக்கும் என்று ஒரு மெரூன் சட்டையைக் கொக்கியோடு எடுத்துக் காட்டினாள்.

அக்கா அதன் உள்மடிப்பைத் திருப்பினார். மூன்று மஞ்சள் பொட்டு.

பிறகு கழுத்துக்குப் பின்னால் இருந்த அளவுச் சீட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எம் சைஸ்" என்றார். "கல்யாணத்தப்போ எம்தான் போட்டாரு. நானும் வருசா வருசம் எம்மே எடுக்குறேன். போட்டுப் பாருங்கன்னா, 'சரியாதான் இருக்கு, தீபாவளியன்னிக்குப் போடறேன்'ம்பாரு. பட்டன் பூட்ட முடியலன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

சொல்லியிருந்தால் நான் திருடனாகியிருக்கமாட்டேன் என்று தோன்றியது. திரும்பும்போது கைப்பை பின் இருக்கையில் கிடந்தது. மறுநாள் இழுப்பறை திறந்திருந்தது, அந்த வாரக் கடைசியில், "நீ கன்பெர்ம் தம்பி. மிட்டாய் எடுத்துக்க" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. இன்னும் இரண்டு மிட்டாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்கு அலுவலகம் முழுவதையும் கூப்பிட்டிருந்தார். என்னிடம் மட்டும் தனியாக, "அந்த நீலச் சட்டயப் போட்டுட்டு வா" என்றார்.

கதவைத் திறந்தவர் அவர் கணவர். நல்ல ஆகிருதி. புதுச்சட்டை தாராளமாக, அழகாக விழுந்திருந்தது. "வாங்க வாங்க தம்பி" என்று நீட்டிய கை பாதியில் நின்றது. என் சட்டையைப் பார்த்தார். உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். மறுபடியும் சட்டையைப் பார்த்தார். முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சட்ட நல்லாருக்கே தம்பி. எங்க வாங்குனீங்க?"

"பக்கத்துலதான் அங்கிள்."

"எந்தப் பக்கத்துல?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

"சொல்லு தம்பி" என்றார் அக்கா உள்ளேயிருந்து. "சத்தமாவே சொல்லு."