காதிலிருந்து பிடுங்கிய கதை

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையங்களை, அதாவது சீல்களைச் சோதிக்கும் பிரிவு மட்டும் அமைதியாக இருக்கும். மெஷின் கிடையாது. விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு சீலையும் விரலால் சுற்றிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். கண்ணுக்கும் விரலுக்கும்தான் வேலை, காது சும்மா கிடக்கும். அதனால் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொள்ளப் பழைய சூப்பர்வைசர் விட்டிருந்தார்.

போனில் இலவசமாகக் கிடைத்ததையெல்லாம் கேட்டேன். ஒரு வக்கீல் வாடகை வீட்டுச் சட்டம் சொல்வார். ஒரு டாக்டர் தைராய்டு பற்றிப் பேசுவார். அப்புறம் நாவல்கள். யாரோ ஒரு அம்மா, நடுநடுவே இருமிக்கொண்டே, முழு நாவல்களையும் வாசித்துப் போட்டிருந்தார். பத்தாவதோடு படிப்பை விட்ட எனக்கு ஷிப்டுக்குப் போவதே அந்தக் குரலுக்காகத்தான் என்று ஆகிவிட்டது.

புதிதாக வந்த சூப்பர்வைசர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வந்த வாரமே என் பின்னால் வந்து நின்று இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார்.

"கதையா கேக்க? படிப்பு ஏறலன்னுதான இங்க வந்து உக்காந்திருக்க. அப்புறம் என்னத்துக்குப் புஸ்தகமும் மண்ணாங்கட்டியும்?"

எல்லோரும் பார்க்க, மேஜையில் கிடந்த கட்டரை எடுத்து ஒயரை நறுக்கி என் முன்னால் போட்டார். நான் அடுத்த சீலை எடுத்தேன். ஆனால் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அப்போது நான் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கொலைக் கதை. லாட்ஜ் முதலாளி செத்துக் கிடப்பார், யார் கொன்றதென்று தெரியாது. மீதியை மத்திகிரியில் நான் குடியிருக்கும் வீட்டில் சமைத்துக்கொண்டே கேட்டு முடித்தேன். மறுநாளிலிருந்து கேன்டீனில் என் மேஜைப் பெண்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

இரண்டாம் நாளே கவனித்தேன். பக்கத்து மேஜையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சூப்பர்வைசரின் கை தயிர்சாதத்திலேயே நின்றுவிட்டது. அடுத்த நாள் நாற்காலி எங்கள் பக்கம் நகர்ந்திருந்தது. மணி அடித்ததும் முதல் ஆளாக எழுந்து எங்களை விரட்டுகிறவர், இப்போது தட்டை வழித்துக்கொண்டே இருந்தார். மீன் கொக்கியைக் கவ்விவிட்டது. நான் கதையை இழுத்தேன். சமையல்காரன் மேல் சந்தேகம் வருகிற இடத்தை மட்டும் மூன்று நாள் சொன்னேன்.

கடைசி நாள் வந்தது. நான் பிறந்த ஊர் தளிப் பக்கம், தெருவெல்லாம் கன்னடம். கூட உட்காரும் மூன்று பேருக்கும் வீட்டிலேயே கன்னடம்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "கொலெ மாடித்து யாரு கொத்தா?" என்று, அதுவரை தமிழில் சொல்லி வந்த கதையைக் கன்னடத்தில் ஆரம்பித்தேன். கொன்றது யார் தெரியுமா என்று அர்த்தம்.

பக்கத்து மேஜையில் முதுகு விறைத்தது. கொலை, யாரு என்ற இரண்டு சொல் மட்டும் அவருக்குப் புரிந்திருக்கும். அதற்கு மேல் ஒன்றும் புரிந்திருக்காது. முடிவு முழுவதையும் கன்னடத்திலேயே சொன்னேன். கொன்றது முதலாளியின் மச்சினன். "பாமைதா" என்றதும் மூன்று பேரும் "அய்யய்யோ!" என்று கத்தினார்கள்.

சூப்பர்வைசர் திரும்பியே விட்டார். "தமிழ்ல சொன்னா என்னம்மா?"

"இவங்களுக்கு இதுதான் சார் வசதி."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது மெல்லப் பக்கத்தில் வந்தார். முதல்முறையாக மரியாதையோடு கேட்டார்.

"ஏம்மா, கொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க. ராத்திரி தூக்கமே இல்ல."

அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே தவித்துக்கொண்டிருந்தார்.

"சமையல்காரன் சார்."

"நெனச்சேன்!" என்று தொடையில் தட்டினார். "மொதல்லயே நெனச்சேன் பாத்துக்கோங்க!"

மறுநாள் கேன்டீனில் ஸ்டோர்காரரைப் பிடித்து உட்காரவைத்து, கொன்றவன் சமையல்காரன் என்று தான் கண்டுபிடித்த விதத்தை விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் மேஜையில் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. இன்னொருத்தி என் காதில், "பாவம்க்கா, சொல்லிடுவமா?" என்றாள்.

"வாயத் தொறந்த, அடுத்த கதை கிடையாது உனக்கு" என்றேன்.

அன்று சாப்பாடு எனக்கு அவ்வளவு ருசித்தது.