கொழுக்கட்டைப் புல் இருந்த தரிசு

பெரம்பலூர் பஸ்ஸில் யாரோ ஏற்றிய புல்கட்டின் பச்சை வாசனையில், இன்று பிளாட் கற்கள் நட்டிருக்கும் செட்டிகுளத்துத் தரிசு நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அக்காவும் அரிவாளோடு போய், ஆட்டுக்குட்டிகளுக்காகக் கொழுக்கட்டைப் புல்லை மட்டும் தேடித் தேடித் தரையோடு அறுத்து, ஆடு வாய் வைக்காத பார்த்தீனியத்தை அப்படியே விட்டுவிட்டு வருவோம். மறுவாரம் துளிர்த்த புல்லையும் விடமாட்டோம்.

"அந்தச் செடியையும் புடுங்கிப் போடுங்கடி, புல்லு தழைக்கட்டும்" என்பாள் அம்மா.

"கை அரிக்குதும்மா" என்போம்.

புல் குறையக் குறைய, மழை இல்லை என்றுதான் அலுத்துக்கொண்டோம். மழை நன்றாகப் பெய்த வருடம், தரிசு முழுக்கப் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்தது. அழகாக இருக்கிறதென்று நான்தான் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

அடுத்த சந்தையில் ஆடுகளை விற்றுவிட்டாள்.