லெஃபெவ்ர் வீட்டு மாப்பிள்ளை

ஜெர்மனியில் எசன் ரயில் நிலையம். பான் நகருக்குப் போகும் ரயில் தாமதம் என்று பலகை சொல்கிறது. நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு படித்தவன் என்று தெரிந்ததும், பேச்சுத் துணையாக வாய்த்த யாழ்ப்பாணத்துக்காரர் பெஞ்சில் என் பக்கம் நகர்ந்து உட்காருகிறார்.

"லெஃபெவ்ர் எண்டால் என்ன அர்த்தம், தம்பி?"

அவர் மகள் விரும்பும் ஜெர்மன் பையனின் குடும்பப் பெயராம். ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் பேச வருகிறார்கள்.

"கொல்லர்" என்கிறேன்.

அவர் தண்டவாளத்தையே பார்க்கிறார். "இரும்படிக்கிற ஆக்களோ?"

அது லத்தீனிலிருந்து வந்த பழைய பெயர், வட பிரான்சில் தெருவுக்குத் தெரு இருக்கும், மதச் சண்டைக்குத் தப்பி இங்கே அகதிகளாக வந்தவர்களின் வம்சமாக இருக்கலாம் என்று விளக்குகிறேன்.

"அகதியெண்டால் பரவாயில்லை. நாங்களும் பெர்லின் ஷோனெஃபெல்ட் எயார்போட்டில அகதியா வந்து இறங்கின ஆக்கள்தானே. ஆனால் இந்த அர்த்தத்தை மனுசியிட்டைச் சொல்ல ஏலாது. ஊரில சொந்தக்காரர் கேப்பினம்."

"பையன் என்ன செய்கிறார்?"

"பல் டொக்டர்." அதில் அவருக்கு ஆறுதல் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

என் ரயில் வருகிறது. பையை எடுத்துக்கொண்டே, "நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள், அண்ணா?" என்கிறேன்.

"இங்கைதான், இரும்பு உருக்கிற ஃபக்டரியில. வந்த காலம் தொட்டு அதுதான்."

ரயில் படியில் கால் வைத்தவன் திரும்பி அவரைப் பார்க்கிறேன்.

"அது வேலை, தம்பி" என்கிறார்.