பொன்னாடை வீரனும் பின்வளவு அக்காவும்

வெள்ளம் வந்த அந்தக் கார்த்திகையில் நாவற்குடாவில் எங்கள் வீட்டு வளவுக்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறியது. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கினோம். எங்களுக்குப் பின்வளவில் இருக்கும் அக்காவும் வந்திருந்தார். காலையில் இடியப்பம் அவித்து விற்றுச் சீவிப்பவர். அவருடைய அடுப்பு, உரல், இடியப்பத் தட்டுகள் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. ஆனாலும் போன அன்றைக்கே பெண்களைச் சேர்த்துப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டிவிட்டார். அங்கே இருந்தவர்களுக்குச் சுடச்சுடச் சோறு கொடுத்தது அவர்தான். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

படம் எடுக்க வந்தவர்கள் பிறகு வந்தார்கள். ஒரு சங்கத்தின் ஆட்கள். எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை ரீசேட் போட்டிருந்தார்கள். அந்த ரீசேட்டில் சங்கத் தலைவரின் முகம் இருந்தது. தலைவரும் வந்திருந்தார். அவரும் தன் முகம் போட்ட ரீசேட்டைத்தான் போட்டிருந்தார்.

உலர் உணவுப் பொதி கொடுக்க எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். அக்காவின் முறை வந்தது. தலைவர் பொதியைக் கொடுத்தார், அக்கா வாங்கினார்.

"அக்கா, அதை ஒருக்காத் திரும்பக் குடுங்க, படம் ஆடிப்போச்சு" என்றான் படம் எடுத்தவன்.

அக்கா திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்கினார்.

"இன்னும் ஒருக்கா. கொஞ்சம் கவலையா நில்லுங்கக்கா. கும்பிட்டு வாங்கினா இன்னும் நல்லம்."

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தார். "ஏன் மனே, உன்ட பருப்புக்கும் சீனிக்கும் நான் அழவும் வேணுமா? கும்பிடவும் வேணுமா?" என்று தொடங்கியவர், பிறகு சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். வரிசையில் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலைவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சமும் மாறவில்லை. அவர் காதில் எதுவும் விழவில்லை. அடுத்த ஆளுக்கான பொதியை எடுத்துவிட்டார்.

அன்று பின்னேரம் முகப்புத்தகத்தில் படம் வந்தது. தலைவர் பொதியை நீட்டுகிறார். எதிரே அக்கா வாயைக் கோணி, கண்ணைச் சுருக்கி நிற்கிறார். ஏசிக்கொண்டிருந்த முகம் படத்தில் அழுகிற முகமாகத் தெரிந்தது. மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'கண்ணீர் துடைக்கும் கரங்கள்'.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெள்ளம் வீட்டை எடுத்தது, சரி, அது வெள்ளம். ஒரு மனுசியின் கோபத்தைத் திருடி அதைக் கண்ணீராக்கி விற்பவனை என்னவென்று சொல்வது?

அந்தக் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் புளியந்தீவில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். கலியாணக் காட், மரண அறிவித்தல், பனர் எல்லாம் கணினியில் வடிவமைப்பது என் வேலை. அந்தத் தலைவரின் பனர்களையும் நான்தான் செய்வேன். 'கிழக்கின் காவலன்' என்று போடச் சொல்வார்கள், போடுவேன். படத்தில் அவருடைய இரட்டை நாடியைக் குறைக்கச் சொல்வார்கள், குறைப்பேன். வெள்ளம் வடிந்து வேலைக்குத் திரும்பிய கிழமையே அக்காவின் படத்தைப் பெருப்பித்துப் பனர்கள் அடிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் செய்ய மாட்டேன் என்றேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை வேறொருவரிடம் கொடுத்தார்.

சின்ன வயதில் எனக்குச் சூப்பர் ஹீரோப் படக்கதைகள் என்றால் உயிர். இந்தியாவிலிருந்து வந்து, கை மாறிக் கை மாறி, மட்டை கிழிந்து என்னிடம் வந்து சேரும். வானத்தில் பறப்பவன், சுவரில் ஏறுபவன், இரும்பை வளைப்பவன். அவர்கள் காப்பாற்றிய ஊர்களில் எல்லாம் முகில் முட்டும் கட்டடங்கள் இருந்தன. எங்கள் பக்கத்தில் உயரமாக இருந்தது கோயில் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும்தான். சண்டைக் காலத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனபோது ஒருவனும் பறந்து வரவில்லை. அதோடு அந்தப் புத்தகங்களில் எனக்கு வெறுப்பு வந்துவிட்டது.

வளர்ந்து கனகாலத்துக்குப் பிறகு, வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி வேறு மாதிரியான படக்கதைகள் சிலவற்றைத் தொலைபேசிக்கு அனுப்பினான். பெரியவர்களுக்கு எழுதியவை. அதில் வரும் சூப்பர் ஹீரோக்கள் கம்பனியிடம் சம்பளம் வாங்குகிறார்கள், குடிக்கிறார்கள், கமரா இல்லாவிட்டால் யாரையும் காப்பாற்றப் போவதில்லை. தவறிப்போய் ஆட்களைக் கொன்றுவிட்டு அதற்கும் விருது வாங்குகிறார்கள். வாசித்துச் சிரித்தேன். பிறகு யோசித்தேன். முகில் முட்டும் கட்டடம் இருக்கிற ஊர்களிலும் என்னைப் போலக் கோபப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

அந்த நினைப்பில்தான் 'பொன்னாடை வீரன்' என்று நானே ஒரு படக்கதை கீறத் தொடங்கினேன்.

எங்கள் ஊரில் சூப்பர் ஹீரோவின் தோளில் வேறென்ன தொங்கும்? மேடையில் ஒருவர் பொன்னாடை போர்த்தினால் போதும், அவன் நிலத்திலிருந்து எழும்பிவிடுவான். இரண்டு பொன்னாடை விழுந்தால் கல்லடிப் பாலத்துக்கு மேலால் பறப்பான். ஒரு கையில் அரிசிப் பை, மறு கை கமராவைப் பார்த்து அசைந்தபடி இருக்கும். கமராவின் பற்றரி இறங்கினால் வாவிக்குள் விழுவான். விழுந்த இடத்தில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் பெண் அவனை வலையோடு இழுத்துக் கரையில் போட, அவன் எழும்பி அவளுக்கே நிவாரணம் கொடுப்பான். நான் தொலைபேசியை அணைத்து வைத்துவிட்டுச் சாப்பாட்டையும் மறந்து கீறினேன். சில பக்கங்களில் பேனை தாளைக் கிழித்துவிட்டது.

பள்ளிக்கூட வரிசைக் காட்சி வந்த பக்கத்தை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரைக் கேட்காமல் போட எனக்கு மனம் வரவில்லை. புது அடுப்பில் இடியப்பம் வெந்துகொண்டிருந்தது. கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இதென்ன புள்ள, என்ட வாயில நட்சத்திரமும் புள்ளடியும் கீறி வச்சிருக்காய்?"

"ஏச்சு அக்கா. அப்பிடித்தான் மறைச்சுப் போடுற."

"நான் நட்சத்திரமா கதைச்ச? அவனுகள் என்னை அழ வச்சானுகள். நீ என்னை ஊமையாக்கிறாய். ஏசினத்த ஏசின மாதிரியே போடு புள்ள. இல்லாட்டி என்னப் போடாத."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஏசியதை ஏசியபடியே எழுதினேன். அந்த வசனத்தினால்தான் அட்டையில் 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று போட வேண்டி வந்தது. முதலாளி நல்ல மனிதர், மிச்சத் தாளில் அடித்துத் தந்தார். அச்சகத்தின் பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

புளியந்தீவில் எனக்குத் தெரிந்த புத்தகக் கடைக்காரர் முதலில் அதைச் சிறுவர் புத்தகங்களோடு அடுக்கினார். படம் இருந்தால் பிள்ளைகளுக்குத்தானே என்பது அவர் எண்ணம். அட்டையை வாசிக்கச் சொன்னேன். வாசித்ததும் முகம் சிவந்துபோய், எல்லாவற்றையும் வாரி மேசைக்குக் கீழே வைத்துப் பேப்பரால் மூடினார்.

"தங்கச்சி, நீங்க இப்பிடியான வேலை செய்வீங்க எண்டு நான் நினைக்கல்ல."

"அண்ணன், உள்ளுக்கு வாசிச்சுப் பாருங்க. ஏச்சு மட்டும்தான் இருக்கு."

அவர் வாசிக்கவில்லை. ஆனால் செய்தி எப்படியோ பரவிவிட்டது. கடையில் ஆள் குறைந்த நேரம் பார்த்து ஆண்கள் வந்தார்கள். குரலைத் தாழ்த்தி, "அந்தப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டார்கள். பேப்பரில் சுற்றி வாங்கிப் போனார்கள். ஒருவர் திரும்பி வந்து மேசையில் போட்டு, "என்ன இது, ஒண்டுமே இல்லையே!" என்று சண்டை பிடித்தாராம். கடைக்காரர் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் பெரியவர்களுக்கென்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தமா? பெரிய ஆட்கள் கூடியிருந்து, தங்களை ஏமாற்றுகிறவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஒரு புத்தகம் இருக்கக்கூடாதா? மேசைக்கு மேலே வைக்கிற அளவுக்குக்கூட அது மரியாதையான வேலை இல்லையா?

ஒருநாள் முற்பகல் அந்தத் தலைவர் அச்சகத்துக்கு வந்தார். கையில் என் புத்தகம். முதலாளி எழும்பி நின்றுவிட்டார். வரட்டும், கேட்கட்டும், சொல்கிறேன் என்று நானும் ஆயத்தமாக நின்றேன்.

"தங்கச்சி, நீங்கதானா இதைக் கீறின? சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு. அந்தாள அச்சொட்டா அப்பிடியே கீறியிருக்கிறீங்க."

"எந்தாள?"

தன்னோடு போட்டி போடும் மற்றச் சங்கத்தின் தலைவரைச் சொன்னார். "பொன்னாடைப் பைத்தியம் பிடிச்ச மனுசன். நல்லா வேணும். இதுக்கு ஒரு வெளியீட்டு விழா வைக்கோணும். மண்டபம், மாலை எல்லாம் எங்கட சங்கத்தின்ட பொறுப்பு. கடைக்காரரோட கதைச்சிட்டன்."

நான் சொன்னேன்: "ஐயா, இது அவரில்ல. இது நீங்கதான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "இந்தப் பகிடிதான் தங்கச்சி உங்களிட்டப் பிடிச்ச!"

அதைவிட என்னை ஒருவரும் அவமதித்ததில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கிழித்துப் போட்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பேன். நான் நெருப்பாக நினைத்துக் கீறியதை அவர் விசிறியாக எடுத்துத் தனக்கே வீசிக்கொண்டார். விழாவுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். அக்காதான் விடவில்லை.

"ஏன் போகாம இருக்க? உன்ட புத்தகம். எனக்கும் அந்தாள இன்னொருக்கா நேர பாக்கோணும். வா, போவம்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விழா. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று இழுத்துக்கொண்டே போனது. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புத்தகத்தை வாசித்திருந்த சிலர் களுக்கென்று சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். பிறகு முதற்பிரதி. 'வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட தாய் ஒருவர்' என்று அறிவித்து அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டு வைக்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தலைவர் புத்தகத்தைக் கொடுத்தார், அக்கா வாங்கினார்.

"ஐயா, இன்னொருக்கா" என்றான் கீழே நின்ற படம் எடுப்பவன்.

தலைவர் புத்தகத்தைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை.

"தந்தா தந்ததுதான். திரும்ப என்னத்துக்கு?" என்றவர், ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்று தன் ஏச்சு இருந்த பக்கத்தை விரித்தார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், ஆனால் அந்த வசனத்துக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. ஒரு சொல்லும் குறையாமல் முழுவதையும் சொன்னார். தலைவர் மட்டும் கை தட்டினார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "தட்டாத மனே. இது பள்ளிக்கூடத்தில வச்சு உனக்கு ஏசின ஏச்சு. உன்ட பனரில அழுதுகொண்டு நிக்கிறது நான்தான்."

தலைவரின் கை நின்றது. அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். முதல்முறையாகப் பார்த்தார். அது நன்றாகத் தெரிந்தது. பட்டினம் முழுக்கப் பனரில் தொங்கவிட்ட முகம், தன் முகத்துக்குப் பக்கத்திலேயே மாதக்கணக்காக இருந்த முகம், அவருக்கு யாரென்றே தெரிந்திருக்கவில்லை. அப்போது வந்த கோபம் எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை.

மண்டபத்தின் பின்பக்கத்தில் ஒரு பெண் சத்தமாகச் சிரித்தார். பிறகு இன்னும் பலர் சிரித்தார்கள். யாரோ ஒலிவாங்கியை நிறுத்தினார்கள். நன்றியுரை நடக்கவேயில்லை.

அடுத்த நாள் ஊர் எதைப் பற்றிக் கதைத்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு பொம்பிளை மேடையில் தூசணம் பேசினாளாம். அதை ஒரு பொம்பிளை புத்தகத்தில் எழுதினாளாம். கலாசாரம் என்னாவதாம். பொதியைத் திருப்பி வாங்கித் திருப்பிக் கொடுத்ததைப் பற்றி ஒரு வாய் திறக்கவில்லை. கடைக்காரர் மிச்சப் புத்தகங்களைக் கட்டி அனுப்பிவிட்டார். சங்கத்தின் பனர் வேலைகள் வேறு அச்சகத்துக்குப் போயின. முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சில கிழமைகள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அக்கா சும்மா இருக்கவில்லை. சங்கத்தின் அலுவலகத்துக்குப் போய் வாசலில் கதிரை போட்டு இருந்தார். படத்தை எடுக்கும்வரை எழும்ப மாட்டேன் என்றார். திரும்பவும் வாயைத் திறந்துவிடுவாரோ என்ற பயத்தில் அவர்கள் அன்றைக்கே முகப்புத்தகத்திலிருந்து படத்தை நீக்கினார்கள், பனர்களையும் இறக்கினார்கள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

திரும்பி வந்த புத்தகங்கள் இப்போது அக்காவின் இடியப்பக் கடையில், சம்பல் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இடியப்பம் வாங்க நிற்பவர்கள் எடுத்து வாசிக்கிறார்கள். சிலர் வாங்கியும் போகிறார்கள், பேப்பரில் சுற்றாமல்.

போன கிழமை கரடியனாற்றிலிருந்து வந்த ஒரு விவசாயி நின்றபடியே முழுவதையும் வாசித்து முடித்தார். அவர்கள் வயல் வட்டையில் விளைந்த நெல்லை யானை வந்து அழித்துவிட்டுப் போகிறதாம். யானை வேலிக்கு அடிக்கல் நாட்டிப் படம் எடுத்தவர்கள் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லையாம். கல் மட்டும் அங்கேயே நிற்கிறதாம்.

"யானை அந்தக் கல்லில முதுகு சொறியுது தங்கச்சி. அதையும் கீறுவீங்களா?" என்று கேட்டார்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. யானை எந்தப் பக்கத்தால் வருகிறது, கல்லில் யார் யாருடைய பெயர் வெட்டியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். அன்று பின்னேரமே கீறத் தொடங்கிவிட்டேன்.